யானையின் பின்னங்கால்கள்

மகளுக்கு அரசி வேடம் கிடைத்த சனிக்கிழமை, காரில் ஏறிப் பட்டியைப் போட்டதும் அவள் சொன்ன முதல் செய்தி, "அம்மா, ஐ கெட் டு டை" என்பதுதான். சாகக் கிடைத்ததில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம். ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோவில் இருக்கும் தமிழ்ப் பள்ளியிலிருந்து நியூ லின்னில் எங்கள் வீட்டு வாசல் வரும்வரை பின்னிருக்கையில் நாலைந்து விதமாகச் செத்துக் காட்டினாள். ஒன்றில் நாக்கு வெளியே தொங்கியது. ஒன்றில் ஒரு கண் மட்டும் திறந்திருந்து, நான் கண்ணாடியில் பார்க்கிறேனா என்று பார்த்தது.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதுதான் என் வியாதி. அவளுக்கு எட்டு வயதாகியும், காய்ச்சல் மருந்து கொடுக்கும்போது போத்தலில் எழுதியிருக்கும் அளவை ஒவ்வொரு தடவையும் புதிதாக வாசிப்பேன். பள்ளிச் சுற்றுலாவுக்கான கடிதத்தில் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டு, வைத்தேனா என்று மத்தியானம் போன் எடுத்துக் கேட்பேன். இத்தனைக்கும் படித்தவள். மருத்துவப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் பாதி நேர வேலை பார்க்கிறேன். சகுனம், நாவூறு எல்லாம் நம்புவதில்லை என்று யாராவது கேட்டால் சொல்வேன். யாரும் கேட்காதபோது என்ன செய்கிறேன் என்பது வேறு விஷயம்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் வழக்கமாகப் பிள்ளைகள் பழங்களாக வேடம் போட்டு வந்து, தங்களில் என்ன சத்து இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மூன்று வருடம் என் மகள் வாழைப்பழமாக இருந்தாள். நாலாம் வருடம், மன்னாரைச் சேர்ந்த ஒரு தகப்பன், இங்கே பஸ் ஓட்டுகிறவர், கூட்டத்தில் எழும்பி, "பழம் போட்டது காணும். இனி ஒரு கூத்துப் போடுவம்" என்றார். ஊரில் கூத்துப் பழக்கி ஆட்டுகிறவரை அண்ணாவியார் என்பார்கள். இவருடைய தகப்பனார் அப்படி ஒருவர். பகிடிக்கு இவரையும் அண்ணாவியார் என்று கூப்பிடத் தொடங்கினோம்; கொஞ்ச நாளில் பகிடி கழன்று பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அவர் கொண்டுவந்தது ஒரு சோகக் கூத்து. தகப்பனார் கையால் எழுதிய கொப்பி, மட்டைக்குத் தடித்த பிளாஸ்டிக் உறை. கதை இதுதான். ஒரு பட்டணம் விழுந்துவிடுகிறது. இளம் அரசி நகைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களோடு போய் ஒளிந்துகொள்கிறாள். அவள் யார் என்று அவர்கள் கேட்பதில்லை. உப்பு அள்ளி அள்ளிக் கை வெடித்துப்போகிறது. அவளை அவளாகத் தெரிந்த ஒரு மனிதர்கூடப் பக்கத்தில் இல்லை. வென்ற ராசா அவளைத் தேடி வந்து, அரசி வெளியே வராவிட்டால் உப்பளத்துப் பெண்கள் எல்லாருக்கும் தண்டனை என்கிறான். அரசி முன்னுக்கு வந்து, "நான்தான்" என்கிறாள். ராசா சிரிக்கிறான். இந்தக் கையா அரசியின் கை என்கிறான். தான் அரசி என்பதை, சாவதற்காக, அவள் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அப்போது, பிடிபட்ட அவளுடைய பட்டத்து யானையைக் கொண்டுவருகிறார்கள். அது அவளைக் கண்டதும் முழங்காலிடுகிறது. அதோடு முடிந்தது. அரசி சாகிறாள், உப்பளத்துப் பெண்கள் சுற்றியிருந்து அழுகிறார்கள்.

பழங்களுக்குப் பிறகு இது பெரிய பாய்ச்சல்தான்.

அண்ணாவியார் முழுக் கூத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தார். பிள்ளைகளுக்குக் கடதாசி வேண்டும். அதனால் கொப்பியைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் வேலை எனக்கு வந்தது. நான் தட்டிய தமிழை வாங்கி, பிள்ளைகள் வாசிப்பதற்காக அதையே ஆங்கில எழுத்தில் எழுதி, பிரதி எடுத்து, ஆளுக்கொரு கட்டாக அடுக்கும் வேலை இன்னொரு தாய்க்கு. எங்கள் பள்ளியில் இது வழக்கம். தமிழைத் தமிழில் வாசிக்கும் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம். அந்தத் தாய் ஈரோட்டுக்காரி. ஆக்லாந்துக்கு வந்து நாலு மாதம்தான். அவளுடைய மகளுக்கு வென்ற ராசா வேடம். யானைக்கும் அவள்தான் பொறுப்பு. பழைய திரைச்சீலை இரண்டை வாங்கி, சாம்பல் நிறத்தில் உண்மையாகவே ஒரு யானையைத் தைத்துவிட்டாள். உள்ளே இரண்டு பெரியவர்கள் குனிந்து நிற்க வேண்டும். முன்னங்காலாகத் தானே நிற்பதாகச் சொன்னாள். பின்னங்காலுக்கு ஒருவரும் முன்வரவில்லை.

முதல் கூட்டத்திலேயே அவள் மெல்லக் கேட்டிருந்தாள்: "பசங்க பயந்துக்க மாட்டாங்களாங்க? முடிவை லேசா மாத்திக்கலாமா?"

அண்ணாவியார் சிரித்துக்கொண்டே, "தங்கச்சி, அரசியைச் சாகவிடாட்டி நாங்கள் ஏன் யானையைக் கூப்பிடுறம்?" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். இந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்திருங்கள்.

நான் வேலையில்லாத நாட்களில், மகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில், சமையலறை மேசையில் இருந்து தட்டினேன். அழகான கையெழுத்து. யானை வரும் இடம்வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. சில இடங்களில் தட்டுவதை நிறுத்தி இரண்டாம் தரம் வாசித்தேன். பிறகு அரசி சாகும் இடம் வந்தது. அதற்குக் கீழே உப்பளத்துப் பெண்களின் ஒப்பாரி. அதில் அவர்கள் அரசியை "மகளே" என்று கூப்பிட்டு அழுகிறார்கள். பக்கம் முழுக்க மகளே, மகளே. இரண்டு "மகளே" தட்டினேன். மூன்றாவதில் கை நின்றுவிட்டது.

என் பிள்ளை கண்ணை மூடிக் கிடக்க, அவளைச் சுற்றியிருந்து பன்னிரண்டு பிள்ளைகள் இதைப் பாடப் போகிறார்கள். அதை எழுதிக் கொடுக்கிற கை என் கை. கொப்பியை மூடினேன். தேத்தண்ணி போட்டேன். நம்புவதில்லை, நம்புவதில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு, கொப்பியைத் திறக்காமலேயே, நானாக ஒரு முடிவு எழுதினேன். யானை முழங்காலிட்டதும் ராசாவின் மனம் மாறுகிறது. உண்மை சொன்ன வாய்க்கு என் வாளில் வேலையில்லை, இன்றுமுதல் நீ என் தங்கை, என்று நாலு வரி. மெட்டுக்கு நிற்கிறதா என்று ஒரு கிழமை குளிக்கும்போது பாடிப் பார்த்தேன். நன்றாகவே நின்றது. அதுதான் பிழை, கோணலாக வந்திருந்தால் விட்டிருப்பேன்.

அண்ணாவியார் காட்சி காட்சியாகப் பழக்குகிறவர். கடைசிக் காட்சிக்கு அவர் வந்து சேர ஆறு சனிக்கிழமை ஆனது. அதற்குள் நான் செய்ததை நானே பாதி மறந்திருந்தேன். அல்லது அப்படி நினைக்க விரும்பினேன்.

ஆறாவது சனிக்கிழமை ராசாப் பிள்ளை தன் கடதாசியைப் பிடித்துக்கொண்டு, "இன்றுமுதல் நீ என் தங்கை" என்று உரத்துப் படித்தாள். என் மகள் சாவதற்காகக் கீழே பார்த்து ஒரு நல்ல இடம் தேடி வைத்திருந்தாள். குழம்பிப்போய் நின்றாள்.

"அது எங்கால வந்தது?" என்றார் அண்ணாவியார்.

கடதாசியை வாங்கிப் பார்த்தார். மண்டபத்தில் இருந்த தாய்மார் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு, யாரும் சொல்லாமலேயே, எல்லாத் தலையும் ஈரோட்டுக்காரியின் பக்கம் திரும்பியது. அவள் யானையின் காதைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் தொடலீங்க," என்றாள். "எனக்கு வந்ததை அப்படியே எழுதினேன்."

"பரவாயில்லை தங்கச்சி," என்றார் அவர். குரலில் கோபமில்லை; அதுதான் மோசம். "பிள்ளைகளுக்காகத்தானே செய்தனீங்கள். ஆனா கேட்டிருக்கலாம். எங்கட அப்பா எழுதினது."

"நான் செய்யலீங்க."

"சரி, சரி. விடுங்கோ."

பக்கத்தில் இருந்த ஒருத்தி என் காதுக்குள், "முடிவை மாத்தச் சொல்லி அண்டைக்கே கேட்டவதானே" என்றாள். நான் தலையாட்டினேன். அதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் ஆட்டினேன். வாயைத் திறந்தால் சொல்லிவிடலாம். சின்ன விஷயம்தானே, பிறகு அண்ணாவியாரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். நியாயம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி. அவள் ஊசியைக் குத்திவைத்து, காதை மடித்துப் பையில் போட்டாள்.

காரில் மகள் கோபமாக இருந்தாள். "ஐ வாஸ் ரெடி டு டை," என்றாள். ஹோட்டலில் சொன்ன சாப்பாடு வராத ஆளின் குரல் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "அம்மா, அந்த குயீன் சும்மா உப்பு அள்ளிக்கொண்டே இருந்திருக்கலாமே. நோபடி நோஸ்."

"மற்றவைக்கெல்லாம் தண்டனை கிடைக்குமே, குஞ்சு."

"ஓம், பட் அதுக்கு முதலே அவவுக்குச் சோகம்தானே. ஒருத்தரும் அவவின்ர பேரைச் சொல்லிக் கூப்பிடேல்ல."

அன்று போக்குவரத்து விளக்குகள் எல்லாம் எங்களுக்கென்றே சிவப்பில் நின்றன. ஒவ்வொரு விளக்கிலும் அந்த வசனத்தோடு நின்றேன். வந்த நாளிலிருந்து நாங்கள் அவளை ஈரோட்டுக்காரி என்றுதான் கதைத்தோம். பிள்ளைகளுக்கு அவள் ராசாவின் அம்மா. பெயர் தெரியும், வருகைப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். நான் ஒருநாளும் அதைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. மகளும் வரவில்லை. காய்ச்சல் என்று செய்தி அனுப்பியிருந்தாள். ராசா இல்லாமல் ஒத்திகை நடந்தது. அண்ணாவியாரே ராசாவாக நின்று, பஸ் சாரதியின் சீருடையில் என் மகளை வெருட்டினார். விழாவுக்கு இன்னும் மூன்று கிழமை.

நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு விதி இருக்கிறது. மாதிரிக் குழாய் ஒன்றில் லேபிளைத் தப்பாக ஒட்டிவிட்டால், உடனே அதற்கென்று உள்ள படிவத்தில் நடந்ததை எழுதி, கீழே நம் பெயரைப் போட வேண்டும். ஒருவரும் ஏசமாட்டார்கள். நான் தேவையில்லாததற்கெல்லாம் அந்தப் படிவத்தை நிரப்புகிறவள். மேலாளர் ஒருமுறை, இது பிழையே இல்லை என்று திருப்பித் தந்திருக்கிறார். அந்தக் கிழமை ஒவ்வொரு குழாயைத் தொடும்போதும் அந்தப் படிவத்தின் கடைசி வரி கண்ணுக்குள் வந்தது: பெயர்.

கணவரிடம் சொன்னேன். அவர் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, ஒரு பிழை விட்டிட்டன்."

"காரோ?"

"கார் இல்லை." முழுவதையும் சொன்னேன். அவர் ஒரு காலுறையின் சோடியைத் தேடியபடியே கேட்டார்.

"நீர் ஒரு கிழமை குளியலறையில பாடினது அதுவோ? நான் ஏதோ கோயில் பாட்டெண்டு நினைச்சன்."

"பகிடி விடாதேங்கோ. என்ன செய்யிறது?"

"என்ன செய்யோணுமெண்டு உமக்குத் தெரியும். தெரியாட்டி என்னட்டக் கேட்டிருக்க மாட்டீர்." சோடி கிடைத்துவிட்டது. "போன்ல சொல்லாதேயும். நேரில போம்."

புதன்கிழமை போனேன். அவர்கள் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். வெறுங்கையோடு போகக்கூடாது என்று வாழைப்பழக் கேக் செய்தேன். கேக்கோடு போனால் கையூட்டு மாதிரி இருக்குமோ என்று காரிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். கதவடிவரை போய், திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போனேன். அவள் ஜன்னலால் இதையெல்லாம் பார்த்திருக்கிறாள்.

"வாங்க அக்கா. ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

காய்ச்சல்காரப் பிள்ளை பின் வளவில் ட்ரம்பொலினில் துள்ளிக்கொண்டிருந்தது. யானை சோபாவில் மடிந்து கிடந்தது, ஒரு காதோடு. நான் இருக்காமலேயே சொன்னேன். அந்த முடிவை எழுதியது நான். அன்றைக்குச் சொல்லாமல் இருந்ததும் நான்.



"நல்லா எழுதியிருந்தீங்க," என்றாள். "எனக்கு அந்த முடிவு புடிச்சிருந்துது. ஒரிஜினலே அதுதான்னு நெனச்சேன்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"எழுதினதுக்கு எதுக்குங்க மன்னிப்பு? அன்னைக்கு அந்த ஹால்ல நான் மட்டும் நின்னேன் பாருங்க." யானைக் காதைக் கையில் எடுத்தாள். "இந்த ஊர்ல எனக்கு யாரையுமே தெரியாது. உங்க பேச்சுல பாதி புரியாது, சிரிக்கிறப்ப கூடச் சிரிச்சுக்குவேன். உங்க ஒருத்தரைத்தான் கொஞ்சம் பழக்கம்னு நெனச்சிருந்தேன். நீங்க தலையாட்டினீங்க. நான் பாத்தேன்."

அவள் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கேக்கை மேசையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"முட்டை போட்டதா?"

"ஓம்."

"நாங்க முட்டை சாப்பிட மாட்டோம்."

பிறகு அவள் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. எனக்கும். ஒருவர் தொடங்க, மற்றவர் பிடித்துக்கொள்ள, பிள்ளை ட்ரம்பொலினை விட்டு ஓடிவந்து என்ன என்று கேட்கும்வரை சிரித்தோம். ஆனால் போகும்போது அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"சனிக்கிழமை வரேன். ஆனா எனக்குச் சொன்னது பத்தாது. அங்க சொல்லணும், எல்லாரும் இருக்கும்போது."

"சொல்லுறன்."

"இன்னொண்ணு. யானைக்குப் பின்னங்கால் நீங்கதான்."

சனிக்கிழமை ஒத்திகை தொடங்குமுன், தாய்மார் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம், நான் மண்டபத்தின் நடுவில் போய் நின்றேன். கைதட்டிக் கவனத்தைத் திருப்பலாமா, தொண்டையைச் செருமலாமா என்று யோசித்து இரண்டையும் சேர்த்துச் செய்தேன்.

"கடைசிக் காட்சியை மாத்தினது அவ இல்லை. நான்தான்."

நான் எதிர்பார்த்தது அதிர்ச்சியை. வந்தது அனுதாபம்.

"உங்கட நல்ல மனசுக்கு..." என்று தொடங்கினாள் என் காதுக்குள் கதைத்தவள்.

"இல்லை, உண்மையா நான்தான்."

"பாவம், அவவைக் காப்பாத்தத்தான் இப்பிடிச் சொல்லுறா," என்றாள் இன்னொருத்தி. அண்ணாவியாரும் புன்னகையோடு தலையை ஆட்டினார். "தங்கச்சி, நீங்கள் ஒரு காற்புள்ளி விடுபட்டாலே எனக்குப் போன் எடுக்கிற ஆள். நீங்களாவது மாத்திறதாவது. விடுங்கோ."

நாலு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த நல்ல பெயர் முழுக்க அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு எதிராக எழும்பி நின்றது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் ஆதாரம் கேட்கிறார்கள். உப்பளத்து அரசியை அப்போதுதான் எனக்குச் சரியாக விளங்கியது. ஈரோட்டுக்காரி சுவரோரம் கையைக் கட்டி நின்றாள், எப்படிச் சமாளிக்கிறேன் பார்க்கலாம் என்பதுபோல.

எனக்கு வந்த யானை என் மகள்தான். கடதாசிக் கிரீடத்தோடு அந்தப் பக்கமாகப் போனவள், நின்று, நாங்கள் என்ன கதைக்கிறோம் என்று கேட்டுவிட்டு, "ஓம், அம்மாதான். ஷவர்ல பாடினவ. எவ்ரி டே," என்றாள். பிறகு, சந்தேகத்துக்கு இடமில்லாமல், என் குரலிலேயே, என் இழுவையோடேயே, அந்த நாலு வரியையும் பாடிக் காட்டினாள். நான் மெட்டுத் தப்பும் இடத்தில் சரியாக அவளும் தப்பினாள்.



"சேசுவே," என்று சிலுவை அடையாளம் போட்டார் அண்ணாவியார்.

அவர் கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை. முதலில் ஈரோட்டுக்காரியிடம் போனார். "தங்கச்சி, நான் பிழை. நீங்கள் இல்லையெண்டு சொன்னனீங்கள், நான் கேக்கேல்ல," என்றார். அவள் "பரவால்லீங்க" என்றாள்; உடனே திருத்தி, "கொஞ்சம் பரவால்ல" என்றாள். பிறகு அவர் என் முன் வந்து கதிரையைப் போட்டு இருந்தார்.

"ஏன் பிள்ளை?"

நான் காரணத்தைச் சொன்னேன். மகளே மகளே என்று அழுகிறார்கள், கிடப்பது என் பிள்ளை, என்னால் தட்ட முடியவில்லை. சொல்லச் சொல்ல, படித்தவள் சொல்லும் காரணமாக அது இருக்கவில்லை. ஆனால் தாய்மாரில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. இரண்டு பேர் தங்கள் பிள்ளைகள் எங்கே என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தப் பக்கத்தைத் திருப்பினனீங்களோ?" என்றார் அவர்.

"எந்தப் பக்கம்?"

"ஒப்பாரிக்கு அங்கால."

நான் திருப்பவில்லை. அதற்கு அப்பால் ஒன்றும் இருக்காது என்று நினைத்திருந்தேன். கொப்பி என் பைக்குள்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்காமல், "நீங்களே திருப்புங்கோ. எல்லாருக்கும் கேக்க வாசியுங்கோ," என்றார்.

கடைசித் தாளின் பின்புறம், அதே அழகான கையெழுத்தில், மங்களம் என்று தலைப்பு. அதற்குக் கீழே, பாட்டுக்கு முன், ஆடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: செத்த ஆட்கள் எல்லாரும் எழும்பி முன்னுக்கு வரவும். அரசி நடுவில் நிற்கவும். அரசி முதலாவதாகப் படிக்கவும்.

"எங்கட கூத்தில ஆரும் செத்தபடி வீட்ட போறேல்ல," என்றார் அண்ணாவியார். "மங்களம் படிக்காமல் சபை எழும்பாது. செத்த பிள்ளை எழும்பி நிண்டு சபையில இருக்கிற எல்லாருக்கும் நல்லது கேக்கும். பெத்த தாய்க்கும் சேத்துத்தான். அதுக்குத்தானே அந்தப் பக்கம். நீங்கள் அதை வெட்டிப்போட்டியள்."

பயத்தில் நான் வெட்டியது பயத்துக்கான மருந்தை. பரிசோதனைக்கூடத்தில் ஒரு மாதிரியைப் பாதியில் நிறுத்திவிட்டு முடிவு எழுதியிருந்தால் என்னை நானே வேலையை விட்டு நிறுத்தியிருப்பேன்.

"அப்ப நான் செத்திட்டுத் திரும்பி வாறனா?" என்றாள் மகள். ஓம் என்றதும், தன் வாழ்க்கையில் இதைவிட நல்ல செய்தி கேட்டதில்லை என்பதுபோலக் கிரீடத்தைச் சரி செய்துகொண்டாள்.

அன்று பின்னேரமே ஒப்பாரியையும் மங்களத்தையும் தட்டி முடித்தேன். மகளே என்று வரும் இடமெல்லாம் கை கொஞ்சம் தயங்கியது, தயங்கிக்கொண்டே தட்டியது. ஈரோட்டுக்காரி அதை ஆங்கில எழுத்தில் மாற்றி, மேலே ஒரு வரி சேர்த்து எனக்கு அனுப்பினாள்: இதை யாரும் மாற்றவில்லை, நானும்தான், சத்தியமாக.

யானைக்குள் இருப்பது எப்படி என்று எழுதப்பட்ட புத்தகம் எங்கும் இல்லை என்று நினைக்கிறேன். வெக்கை. திரைச்சீலைக்கு யாரோ முன்பு வளர்த்த பூனையின் மணம். முன்னங்கால் போகும் திசைதான் பின்னங்காலுக்கு உலகம். எனக்கு முன்னால் தெரிந்தது அவளுடைய முதுகு மட்டும். ஒத்திகைகளில் நான் மூன்று தரம் அவள் குதிகாலை மிதித்தேன். ஒருமுறை இடதுபுறம் திரும்பும்போது யானை இரண்டாகப் போகப் பார்த்தது. ஆனால் அந்தப் பயிற்சிகளில்தான் அவளுடைய ஊர், அவளுடைய தம்பி, அவள் விட்டுவந்த வேலை, முட்டையில்லாத கேக் செய்யும் முறை எல்லாம் எனக்குத் தெரியவந்தது. முகம் பார்க்காமல் கதைப்பது லேசு.

விழா அன்று மண்டபம் நிரம்பியிருந்தது. நாங்கள் பக்கத் திரைக்குப் பின்னால் ஏற்கெனவே யானையாக நின்றோம். மேடையில் என் மகளின் குரல்: "நான்தான்." வசனத்தை விழுங்காமல், அவசரப்படாமல் சொன்னாள். ராசாப் பிள்ளை ஹாஹாஹா என்று சிரித்தது. சபை அதைவிட அதிகமாகச் சிரித்தது.

"நாம போணும்," என்றது முன்னங்கால்.

மேடைக்கு ஏறினோம். கைதட்டல். எனக்கு வெளிச்சம் மட்டும் திரைச்சீலையூடாகத் தெரிந்தது.

"முட்டி போடுங்க."

"எந்தக் கால்?"

"உங்களுக்குத்தாங்க பின்னங்கால். ரெண்டையும்."

முழங்காலிட்டோம். யானை மொத்தமாகச் சரிந்து அரசியின் காலடியில் கொட்டுண்டது. அதைச் சபை பக்தி என்று எடுத்துக்கொண்டது. பிறகுதான் எனக்கு விளங்கியது. இனிக் கூத்து முடியும்வரை யானை இப்படியே கிடக்கும். என் மகள் சாவதை நான் பார்க்கப்போவதில்லை. எதைப் பார்க்கக் கூடாது என்று இவ்வளவும் செய்தேனோ, அது ஒரு திரைச்சீலைக்கு அப்பால் நடக்கப்போகிறது, எனக்குப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

வசனம் முடிந்தது. பலகையில் ஒரு பொத்தென்ற சத்தம். பிறகு இன்னொரு சின்னப் பொத்து. விழுந்த இடம் வசதியில்லாமல் தள்ளிப் படுத்திருக்கிறாள். ஒப்பாரி தொடங்கியது. பன்னிரண்டு பிள்ளைகள், பாதி ஆங்கில உச்சரிப்பில், மகளே, மகளே என்று.

யானைக்குள் ஒரு கை பின்னால் வந்து என் கையைத் தேடிப் பிடித்தது.

"மூச்சு விடுறா அக்கா," என்றாள் அவள். யானையின் கண் அவள் பக்கம் இருந்தது, இரண்டு சின்ன ஓட்டைகள். "நல்லாத் தெரியுது. வயிறு ஏறி எறங்குது. சிரிப்பை அடக்கிட்டிருக்கா."

நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் தடவை. "இன்னும் என்ன செய்யிறாள்?" என்று கேட்டேன். அவள் ஒப்பாரி முடியும்வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: ஒரு கண் திறந்தது, மூடியது, மூக்கைச் சொறிந்தாள், இல்லை, யாரும் பார்க்கவில்லை.

மத்தளத்தின் தாளம் மாறியது. அண்ணாவியாரின் குரல் மங்களத்துக்கு எடுத்துக் கொடுத்தது. செத்தவள் எழும்பி ஓடிவரும் காலடிச் சத்தம் பலகையில் கேட்டது. யானையும் எழும்ப வேண்டும் என்பதை நாங்கள் இரண்டு பேரும் மறந்திருந்தோம்.

"எழுந்திருங்க, எழுந்திருங்க," என்றாள் அவள். நான் எழும்பினேன், அவள் எழும்ப முன்னமே. யானை பின்பக்கத்தால் முதலில் எழும்பியது. திரைச்சீலை என் தலையில் மாட்டிப் பின்னுக்கு வழுக்கியது, நான் வெளிச்சத்துக்குள் நின்றேன், தலைமயிர் கலைந்து, இடுப்பில் ஒரு வாலோடு. மகள் நடுவில் நின்று முதல் வரியைப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டாள். வரியை விடாமல், கண்ணால் மட்டும், வாலைச் சரி செய்யச் சொன்னாள்.